கோழிக் கழிச்சலின் கால்வழி

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர் செய்த சிறு பிழை, அச்சுவடி எந்தச் சுவடியிலிருந்து பிறந்தது என்பதைக் காட்டிவிடும். அவ்வாறே, நோயைத் தோற்றுவிக்கும் தீநுண்மியின் மரபணுவில் நேரும் சிறு மாற்றங்கள் அதன் மூதாதையைக் காட்டிவிடுகின்றன. வீட்டு முற்றத்துக் கோழியைக் கொல்லும் ஒரு நோயின் கால்வழியை அறிவியல் எவ்வாறு தேடிக் கண்டறிகிறது, அத்தேடலால் எளிய மக்களுக்கு விளையும் பயன் யாது என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மலைமேல் ஒரு நாடு

நாமக்கல் மாவட்டத்தில் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1000 மீட்டர் முதல் 1300 மீட்டர் வரையிலான உயரத்தில் பரந்து கிடப்பது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்க இலக்கியம் போற்றும் மலை இது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மலையின் மேற்பரப்பை அடையலாம். அங்குள்ள ஊர்த்தொகுதிகளுக்கு 'நாடு' என்றே பெயர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என நீளும் அவ்வரிசையில் ஒன்று பெரக்கரை நாடு.

மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் இந்நாடுகளில் வாழ்கின்றனர். சாமை, தினை, கேழ்வரகு, நெல், மிளகு, காப்பி, பலா, வாழை ஆகியவை இம்மலையின் விளைபொருள்கள். வயலும் தோட்டமும் பருவத்திற்கே பயன் தரும். முற்றத்தில் மேயும் நாட்டுக்கோழியோ எப்பருவத்திலும் கைகொடுக்கும். பிள்ளையின் பள்ளிச் செலவு, எதிர்பாராத மருத்துவச் செலவு, விருந்தினர் வருகை, குலதெய்வ வழிபாடு என எந்தத் தேவை எழுந்தாலும் பஞ்சாரத்தில் இருக்கும் கோழியே முதலில் நினைவுக்கு வரும். கோழி வளர்ப்பு பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் இருப்பதால், அவ்வருவாய் அவர்களுடைய சிறுசேமிப்பாகவும் அமைகிறது.

மலையின் கீழே காட்சி முற்றிலும் வேறு. நாமக்கல் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் முட்டைக்கோழிகளை வளர்க்கும் பண்ணைகள் நிறைந்துள்ளன. நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் இங்கிருந்து பல மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. மேலே பத்துக் கோழி, கீழே பத்து இலட்சம் கோழி. இவ்விரண்டு உலகங்களையும் சந்தை, சாலை, வாகனம், தீவனம், மனிதர்களின் போக்குவரத்து ஆகியவை இணைக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான அச்சம் ஒன்றும் உண்டு. அதுவே கோழிக் கழிச்சல் நோய்.

ஒருநாள் காலையில் சேவல் கூவாது. இறகுகள் சிலிர்த்து, தலை தாழ்ந்து, இரையைத் தொடாமல் ஓரமாய் நிற்கும். பசுமை கலந்த வெண்ணிறக் கழிச்சல் உண்டாகும். சில கோழிகள் வாயைத் திறந்து திணறி மூச்சுவிடும். சிலவற்றின் கழுத்து முறுக்கிக்கொள்ளும். கால்களும் இறக்கைகளும் செயலிழக்கும். சில நாள்களுக்குள் முற்றமே வெறுமையாகிவிடும். நோய் வந்தபின் அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. அப்போது வீட்டுக்கு வீடு ஒரே வினா எழும்: 'இச்சீக்கு எங்கிருந்து வந்தது?'

சந்தையில் வாங்கிய கோழி கொண்டுவந்ததா? உறவினர் கொடுத்த கோழி கொண்டுவந்ததா? பண்ணைப் பக்கம் சென்று வந்த வண்டியா? புறாவா? விடை தெரியாதபோது பழி யார்மீதேனும் விழுகிறது. அண்டை வீட்டார் பேச்சுவார்த்தையை நிறுத்துவதும், பண்ணையாளர் நாட்டுக்கோழியைக் குறைகூறுவதும், நாட்டுக்கோழி வளர்ப்போர் பண்ணையைக் குறைகூறுவதும் இத்தகைய அறியாமையால் விளைபவை. இவ்வினாவிற்குச் சான்றுடன் விடை தேடும் அறிவியலே மரபுவழி ஆய்வு.

பெயர் வந்த வழி

இந்நோய்க்கு உலகெங்கும் வழங்கும் பெயர் நியூகாசில் நோய். 1926ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகில் கோழிகள் கூட்டமாக மடிந்தன. அதனை ஆராய்ந்த டாயில் என்னும் அறிஞர் 1927இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வேறு நோய்களோடு குழப்பம் நேராதிருக்க, ஊரின் பெயரையே தற்காலிகமாக நோய்க்குச் சூட்டினார். தற்காலிகப் பெயர் நிலைத்துவிட்டது. அதே 1926இல் இன்றைய இந்தோனேசியாவின் சாவகத் தீவிலும் இத்தகைய நோய் பரவியதைக் கிரானெவெல்டு என்பவர் பதிவுசெய்திருந்தார்.

இந்தியாவில் இமயமலைச் சாரலில், குமாவுன் பகுதியிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் இந்நோய் கண்டறியப்பட்டது. எட்வர்ட்ஸ் என்னும் கால்நடை அறிஞர் 1928இல் இதனைப் பதிவுசெய்தார். அதனால் இந்தியாவில் இது 'இராணிக்கெட் நோய்' எனப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் நியூகாசிலும் இராணிக்கெட்டும் ஒரே நோயின் இரு பெயர்கள் என உறுதிசெய்தன. தமிழ்நாட்டு ஊர்ப்புறத்தினர் நோயின் குறியைக் கொண்டு 'வெள்ளைக்கழிச்சல்' என்று பெயரிட்டனர்.

ஊர்ப்பெயர்கள் நோய் முதலில் எங்கே காணப்பட்டது என்பதை மட்டுமே சொல்கின்றன. அது எங்கே பிறந்தது என்பதைச் சொல்வதில்லை. ஆராய்ச்சியாளர் இருந்த ஊர் நோயின் பெயராகிவிட்டது. ஆராய்ச்சியாளர் இல்லாத ஊர்களில் கோழிகள் பெயரின்றியே மடிந்தன. ஒரு நோயின் உண்மையான பிறப்பையும் உறவையும் அறிய வேண்டுமானால், பெயரை விடுத்து அதன் மரபணுவைப் படித்தாக வேண்டும்.

நான்கெழுத்துச் சுவடி

கழிச்சல் நோயைத் தோற்றுவிப்பது வைரஸ் எனப்படும் தீநுண்மி. இத்தீநுண்மியின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. என்னும் ஒற்றை இழையில் எழுதப்பட்டுள்ளது. அவ்விழையில் ஏறத்தாழ 15,200 எழுத்துகள் உள்ளன. எழுத்துகள் என்பவை உண்மையில் நியூக்ளியோடைடுகள் என்னும் வேதிப்பொருள்கள். அவை நான்கே வகை: அடினின், யுராசில், குவானின், சைட்டோசின் ஆகிய காரங்களைக் கொண்டவை. தமிழின் 247 எழுத்துகளால் இலக்கியம் எழுதுவது போல், இந்த நான்கு எழுத்துகளால் தீநுண்மி தன்னை எழுதிக்கொள்கிறது.

இச்சுவடியில் முதன்மையான மரபணுக்கள் ஆறு. அவற்றுள் ஒன்று 'எஃப்' மரபணு. தீநுண்மியின் உறையைக் கோழியின் உயிரணுவோடு இணைக்கும் புரதத்தை உருவாக்குவது இதுவே. இவ்விணைப்புப் புரதம் முதலில் செயலற்ற நிலையில் பிறக்கும். கோழியின் உடலிலுள்ள நொதி அதனைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் வெட்டினால்தான் அது செயல்படத் தொடங்கும். பூட்டும் திறவுகோலும் போன்ற உறவு இது.

வீரியம் குன்றிய தீநுண்மிகளின் பூட்டை, மூச்சுப்பாதையிலும் குடலிலும் உள்ள சில நொதிகள் மட்டுமே திறக்கும். ஆகவே நோய் அவ்விடங்களோடு நின்றுவிடும்; கோழி பிழைத்துவிடும். வீரியம் மிக்க தீநுண்மிகளின் பூட்டை உடலின் எல்லாத் திசுக்களிலும் உள்ள பொதுவான நொதிகள் திறந்துவிடும். ஆகவே நோய் மூளை வரை பரவிக் கோழியைக் கொல்லும். கொல்லும் நுண்மிக்கும் கொல்லாத நுண்மிக்கும் உள்ள இவ்வேறுபாடு, வெட்டப்படும் இடத்திலுள்ள ஒருசில அமினோ அமிலங்களில் அடங்கியிருக்கிறது. இதனால்தான் ஆய்வாளர்கள் 'எஃப்' மரபணுவை முதலில் படிக்கின்றனர். நுண்மியின் வீரியம், அதன் குடிவழி ஆகிய இரண்டையும் அம்மரபணு ஒருங்கே தெரிவிக்கிறது.

பாடவேறுபாடும் கால்வழியும்

தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்களிலிருந்து ஓலைச்சுவடிகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளை ஆராய்ந்தார். சுவடியைப் படியெடுப்பவர் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால், அப்படியைப் பார்த்து எழுதும் அடுத்தவரும் அம்மாற்றத்தையே எழுதுவார். ஆகவே ஒரே பிழையைக் கொண்ட சுவடிகள் ஒரே மூலத்தின் வழிவந்தவை எனக் கருதலாம். பின்வரும் எடுத்துக்காட்டைக் காண்க.

மூலம்: மலைமேல் மழை பொழிந்தது
முதற்படி: மலைமேல் மலை பொழிந்தது
இரண்டாம் படி: மனைமேல் மழை பொழிந்தது
மூன்றாம் படி: மலைமேல் மலை பொலிந்தது
நான்காம் படி: மனைமேல் மழை பொழிந்தன

'மழை' என்பது 'மலை' என மாறிய பிழை முதற்படியிலும் மூன்றாம் படியிலும் உள்ளது. ஆகவே மூன்றாம் படி முதற்படியின் வழிவந்தது. அது 'பொலிந்தது' என்னும் புதிய பிழை ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. 'மனை' என்னும் பிழை இரண்டாம் படியையும் நான்காம் படியையும் உறவாக்குகிறது. எழுதியவர் யார், எந்த ஊரினர் என்பது தெரியாவிட்டாலும் பிழைகளே உறவைச் சொல்லிவிடுகின்றன.

தீநுண்மியும் கோழியின் உயிரணுவிற்குள் புகுந்து தன்னைத் தானே படியெடுத்துப் பெருகுகிறது. ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் திறன் இல்லை. ஆகவே எழுத்து மாற்றங்கள் நேர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைத் திடீர்மாற்றங்கள் என்பர். பல மாற்றங்கள் நுண்மியை அழித்துவிடும். அழிக்காத மாற்றங்கள் அடுத்தடுத்த தலைமுறைகளுக்குச் செல்லும். ஏறத்தாழ 1660 எழுத்துகளைக் கொண்ட 'எஃப்' மரபணுவில் ஆண்டுக்குத் தோராயமாக ஒன்றிரண்டு எழுத்துகள் நிலையாக மாறுவதாகக் கணக்கிடுகின்றனர். சிறிய மாற்றங்கள்தாம்; ஆயினும் பல ஆண்டுகளில் அவை சேர்ந்து ஒரு குடிவழியைப் பல கிளைகளாகப் பிரித்துவிடுகின்றன.

ஆய்வு நடக்கும் முறை

இறந்த அல்லது நோயுற்ற கோழியின் தொண்டையிலிருந்தும் கழிவுப் புழையிலிருந்தும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கப்படுகிறது. இறந்த கோழியின் மூளை, மண்ணீரல், குடல் முதலிய உறுப்புகளிலிருந்தும் மாதிரி எடுப்பதுண்டு. குளிர்ச்சி குறையாமல் அதனை ஆய்வகத்திற்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அங்கே, கருவளர்ந்துள்ள கோழிமுட்டையில் மாதிரியைச் செலுத்தி நுண்மியைப் பெருக்குவர். பின்னர் அதன் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, டி.என்.ஏ. வடிவிற்கு மாற்றி, தேவையான மரபணுப் பகுதியை மட்டும் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்குவர். இதற்குப் பாலிமரேசு தொடர்வினை என்று பெயர்.

அடுத்து, அப்பகுதியின் எழுத்துகள் எவ்வரிசையில் அமைந்துள்ளன என்பதைக் கருவி படித்துக் கூறும். அவ்வரிசையை, உலகின் பல நாடுகளில் பல காலங்களில் படிக்கப்பட்டுப் பொதுத் தரவகங்களில் சேர்த்துவைக்கப்பட்ட வரிசைகளுக்குக் கீழே ஒவ்வோர் எழுத்தும் நேர்நேராக அமையுமாறு அடுக்குவர். எங்கெங்கே ஒத்திருக்கிறது, எங்கெங்கே வேறுபடுகிறது என்பதைக் கணினி எண்ணும். நெருங்கிய உறவுடையவற்றை ஒரே கொம்பிலும், தொலைவான உறவுடையவற்றை வேறு கிளைகளிலும் அமைத்து ஒரு மரம் வரையப்படும். அதுவே மரபுவழி மரம். குடும்பங்களில் கொடிவழி எழுதிவைக்கும் வழக்கத்தை ஒத்தது இது.

மரத்தின் கிளைகள்

இந்நோய் நுண்மிகள் இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதற்பிரிவில் பெரும்பாலும் காட்டுப் பறவைகளிடம் காணப்படும் வீரியம் குன்றியவை அடங்கும். இரண்டாம் பிரிவில் கோழிகளைத் தாக்கும் பெரும்பான்மையான நுண்மிகள் அடங்கும். ஆய்வாளர்கள் பலர் கூடி 2019இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, இரண்டாம் பிரிவில் குறைந்தது 20 மரபுவகைகள் உள்ளன. 'எஃப்' மரபணு முழுவதையும் ஒப்பிடும்போது பத்து விழுக்காட்டிற்கு மேல் வேறுபாடு இருந்தால் தனி மரபுவகையாகக் கொள்வது அவர்கள் வகுத்த நெறிகளுள் ஒன்று.

இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் கண்டறியப்பட்ட வீரியமிக்க நுண்மிகளுள் பதின்மூன்றாம் மரபுவகையின் கிளைகள் முதன்மையான இடம் பெறுகின்றன. இவ்வகையின் உறவினர் பாகிஸ்தான், ஈரான் முதலிய நாடுகளிலும் காணப்படுகின்றனர். ஏழாம் மரபுவகையும் இந்தியாவில் பதிவாகியுள்ளது. ஆறாம் வகை புறாக்களோடு மிகுந்த தொடர்புடையது. எனவே ஒரு முற்றத்துக் கோழியிடமிருந்து எடுத்த நுண்மி எந்தக் கிளையில் அமர்கிறது என்பதைக் கொண்டு, அது புறாவிடமிருந்து வந்திருக்கக்கூடுமா, கோழிகளிடையே சுற்றிவரும் குடியைச் சேர்ந்ததா என்பதை ஆராய வழி பிறக்கிறது.

பழி யார்மீது?

மரபுவழி ஆய்வின் பயனை இரண்டு நிகழ்வுகள் தெளிவாக விளக்கும்.

1984இல் பிரிட்டனில் கோழிப்பண்ணைகள் பலவற்றில் நோய் தோன்றியது. அப்போது மரபணு எழுத்துகளைப் படிப்பது இன்றுபோல் எளிதன்று. நுண்மியின் மேற்பரப்பை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, அது புறாக்களிடையே பரவிவந்த நுண்மியோடு ஒத்திருந்தது. லிவர்பூல் துறைமுகத்தில் வைக்கப்பட்டிருந்த தீவனப் பொருள்களில் நோயுற்ற புறாக்களின் எச்சம் கலந்து, அத்தீவனத்தின் வழியாக நோய் பண்ணைகளை அடைந்தது வெளிப்பட்டது. பண்ணைகளின் அண்டை அயலில் தேடியிருந்தால் இக்காரணம் புலப்பட்டிருக்காது.

இரண்டாவது நிகழ்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. 1932க்குப் பின் வீரியமிக்க கழிச்சல் நோய் அந்நாட்டில் காணப்படவில்லை. 1998 செப்டம்பரில் சிட்னி நகரின் மேற்குப் பகுதியில் அது திடீரென வெளிப்பட்டது. வெளிநாட்டிலிருந்து நோய் நுழைந்துவிட்டது என்று ஐயுறுவது இயல்பே. ஆனால் நுண்மியின் மரபணுவைப் படித்தபோது வியப்பான உண்மை வெளிப்பட்டது. அந்நாட்டுக் கோழிகளிடம் தீங்கின்றி வாழ்ந்துவந்த உள்ளூர் நுண்மியே அதன் நெருங்கிய உறவு. இணைப்புப் புரதம் வெட்டப்படும் இடத்தில் இரண்டே எழுத்துகள் மாறியதால், சாதுவான நுண்மி கொல்லும் நுண்மியாகிவிட்டது. நோய் வெளியிலிருந்து வரவில்லை, அங்கேயே உருமாறியிருந்தது.

ஒரு நிகழ்வில் காரணம் தொலைவிலிருந்த துறைமுகம். மற்றொன்றில் காரணம் உள்ளூரிலேயே இருந்தது. இரண்டிலும் ஊகம் ஒருபுறமும் உண்மை மறுபுறமுமாக இருந்தன. காரணத்தைப் பிழையாகக் கணித்தால் தடுப்பு நடவடிக்கையும் பிழையாகும். துறைமுகத் தீவனத்தைக் காக்க வேண்டிய நேரத்தில் அண்டை வீட்டைப் பூட்டுவதும், உள்ளூரைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் எல்லையை மட்டும் காப்பதும் பயன்தரா.

தடுப்புமருந்தின் குடிவழி

நோயைத் தரும் நுண்மிக்குக் கால்வழி இருப்பதுபோல், நோயைத் தடுக்கும் மருந்துக்கும் கால்வழி உண்டு. குஞ்சுகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்தாக இடப்படும் லசோட்டா என்னும் நுண்மி, 1946இல் அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. அது இரண்டாம் மரபுவகையைச் சேர்ந்தது. எட்டு வாரம் கடந்த கோழிகளுக்கு ஊசியாகச் செலுத்தப்படும் மருந்தின் நுண்மி, இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவர் ஆய்வு நிலையத்தில் 1940களில் உருவாக்கப்பட்டது. வீரியமுள்ள நுண்மியைக் கோழிமுட்டைக் கருவில் மீண்டும் மீண்டும் வளர்த்து அதன் கொடுமையைக் குறைத்தனர். அது மூன்றாம் மரபுவகை. கொல்லிமலைக் கோழியின் உடலில் செலுத்தப்படும் காப்பு, குமாவுன் மலையில் வேர்கொண்டது என்பது எண்ணத்தக்கது.

மரபுவகைகள் பலவாயினும் நோயெதிர்ப்பு நோக்கில் அவை யாவும் ஒரே இனமாகவே கருதப்படுகின்றன. ஆகவே பழைய தடுப்பூசிகள் இன்றும் கோழிகளைச் சாவிலிருந்து காக்கின்றன. எனினும் தடுப்பூசி பெற்ற கோழியும் நுண்மியைப் பெற்று, நோயின் குறி இன்றியே சிறிதளவு வெளியேற்றக்கூடும். பரவிவரும் நுண்மியின் மரபுவகைக்கு நெருக்கமான தடுப்பூசி, அவ்வாறு வெளியேறும் அளவை மேலும் குறைக்கிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. எக்கிளை நம் மண்ணில் பரவுகிறது என அறிந்திருப்பதன் தேவை இதனால் விளங்கும். ஒரு கோழியிடம் கண்டெடுத்த நுண்மி தடுப்பூசியின் வழிவந்ததா, கொல்லும் குடியைச் சேர்ந்ததா எனப் பிரித்தறியவும் மரபணு வரிசையே துணை.

மருந்து இருப்பது மட்டும் போதாது; அது முற்றத்தை அடைய வேண்டும். வழக்கமான தடுப்பூசி குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். ஒரு புட்டியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்குரிய மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்திற்குள் பயன்படுத்தியாக வேண்டும். பண்ணைக்கு இது எளிது. பத்துக் கோழிகள் இங்கும் பத்துக் கோழிகள் அங்குமாக, மேடும் பள்ளமுமான மலைச்சிற்றூர்களில் மேய்ந்து திரியும்போது இது அரிது.

இவ்விடர்ப்பாட்டை நீக்க உதவியது மற்றொரு கால்வழி. 1966இல் ஆஸ்திரேலியாவின் குயின்சுலாந்தில் நலமான கோழிகளிடமிருந்து தீங்கற்ற நுண்மி ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. 'வி4' எனப் பெயர்பெற்ற அதன் குடியில் வெப்பத்தைத் தாங்கும் இயல்பு இருந்தது. அவ்வியல்பைக் கொண்டு, குளிர்சாதன வசதி குறைந்த ஆசிய, ஆப்பிரிக்கச் சிற்றூர்களுக்கு ஏற்ற தடுப்புமருந்துகள் உருவாக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 1989இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், தீவனத்தோடு உண்ணக்கூடிய குருணை வடிவிலான கழிச்சல் நோய்த் தடுப்புமருந்தை உருவாக்கியது. கோழியைத் துரத்திப் பிடித்து ஊசியிடத் தேவையின்றி, மாலையில் இரை தூவும் தாயின் கையாலேயே மருந்தையும் தூவ இதனால் வழி பிறந்தது. கால்நடை பராமரிப்புத் துறையும் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் ஊர்ப்புறக் கோழிகளுக்கு இருவாரத் தடுப்பூசி முகாம்களை நடத்திவருகிறது.

விடுபட்ட கிளைகள்

மரபுவழி மரம் உறவைக் காட்டும். நடந்தவை அனைத்தையும் காட்டாது. இரண்டு வீட்டுக் கோழிகளின் நுண்மிகள் ஒன்றாக இருந்தால், முதல் வீட்டிலிருந்துதான் இரண்டாம் வீட்டிற்கு நோய் சென்றது என்று முடிவுகட்ட இயலாது. இரண்டு வீடுகளும் ஒரே சந்தையில் கோழி வாங்கியிருக்கலாம். எந்த நாளில் எக்கோழி நோயுற்றது, யார் எங்கிருந்து எதைக் கொண்டுவந்தனர் என்னும் செய்திகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் மரம் பேசும். ஆய்வகத்தின் கருவிக்கு நிகராக, நாள் தவறாமல் முற்றத்தைக் கவனிக்கும் பெண்ணின் நினைவாற்றலும் இங்கே சான்றாகிறது.

மற்றொரு குறையும் உண்டு. மாதிரி எடுக்கப்பட்ட நுண்மிக்கு மட்டுமே மரத்தில் இடம் கிடைக்கும். பண்ணையில் ஆயிரம் கோழிகள் இறந்தால் செய்தி அன்றே ஆய்வகத்தை அடையும். மலைச்சிற்றூரில் ஆறு கோழிகள் இறந்தால் குழியில் புதைப்பதோடு அச்செய்தியும் புதைந்துவிடும். ஓலைச்சுவடிகள் பல செல்லரித்து அழிந்ததால் தமிழ் நூல்கள் சில பெயரளவில் மட்டும் எஞ்சின. அவ்வாறே, எவரும் மாதிரி எடுக்காத ஊர்களின் கிளைகள் மரத்தில் வெற்றிடங்களாக நிற்கின்றன. அவ்வெற்றிடத்திலிருந்து புதிய கொடிய கிளை ஒன்று தோன்றினால் மலைக்கும் சமவெளிக்கும் ஒருசேரத் தீங்கு.

நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது. மலையடிவாரத்திலிருந்து எட்டும் தொலைவில்தான் அறிவு இருக்கிறது. கோழி நோயுற்றவுடன் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிப்பதும், இறந்த கோழியை ஓடையில் வீசாமல் ஆழப் புதைப்பதும், சந்தையில் வாங்கிய கோழியைச் சில நாள்கள் தனியே கட்டிவைத்துப் பார்ப்பதும், நோயுள்ள கோழியை அவசரமாக விற்றுவிடாமல் இருப்பதும் எவரும் செய்யக்கூடியவை. நோயுள்ள கோழியை விற்றால் கையில் காசு கிடைக்கும். மற்றொரு முற்றத்தில் சேவல் கூவாமற்போகும்.

நியூகாசிலும் இராணிக்கெட்டும் ஆராய்ந்து பார்த்தவர்கள் இருந்ததால் நோயின் வரலாற்றில் இடம்பெற்ற ஊர்கள். பெரக்கரை நாட்டின் பெயர் ஒரு நோய்க்குச் சூட்டப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்நாட்டு முற்றத்தில் மடியும் ஒரு கோழியின் இறப்பும் கணக்கில் வர வேண்டும். அதன் காரணமும் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட வேண்டும். பிறர்மீது சுமத்தும் பழி அங்கே முடிந்து, தடுப்பதற்கான வழி தொடங்கும்.

தெரிந்து தெளிவோம்

கால்வழி – ஒரு மூதாதையிலிருந்து தொடர்ந்து வரும் மரபு.
திடீர்மாற்றம் – மரபணு எழுத்துகளில் நேரும் மாற்றம்.
மரபுவகை – மரபணு ஒப்புமையால் ஒன்றாகத் தொகுக்கப்பட்ட நுண்மிகளின் பிரிவு.
மரபுவழி மரம் – உயிர்களின் அல்லது நுண்மிகளின் உறவைக் கிளைகளாகக் காட்டும் வரைபடம்.
பாடவேறுபாடு – ஒரே நூலின் வெவ்வேறு சுவடிகளில் காணப்படும் சொல் அல்லது எழுத்து வேறுபாடு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் கோழி, ஆடு, மாடு ஆகியவற்றுக்கு வரும் நோய்களின் வழக்குப் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க. அப்பெயர்கள் நோயின் குறியால் வந்தவையா, இடத்தால் வந்தவையா என வகைப்படுத்துக.
2. ஒரு தொடரை ஒருவர் பார்த்து எழுத, அதனைப் பார்த்து அடுத்தவர் எழுத, வகுப்பு முழுவதும் படியெடுக்கச் செய்க. நேர்ந்த பிழைகளைக் கொண்டு யாரைப் பார்த்து யார் எழுதினர் என்பதை மரமாக வரைந்து காட்டுக.

திறன் அறிவோம்

பலவுள் தெரிக
1. ஆஸ்திரேலியாவில் 1998இல் வெளிப்பட்ட வீரியமிக்க நுண்மியின் நெருங்கிய உறவு
அ) புறாக்களின் நுண்மி ஆ) உள்ளூர்த் தீங்கற்ற நுண்மி இ) லசோட்டா நுண்மி ஈ) முக்தேசுவர் நுண்மி

குறுவினா
2. இராணிக்கெட் நோய் என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
3. 'எஃப்' மரபணுவை ஆய்வாளர்கள் முதலில் படிப்பது ஏன்?

சிறுவினா
4. சுவடிகளின் பாடவேறுபாட்டையும் தீநுண்மியின் திடீர்மாற்றத்தையும் ஒப்பிடுக.
5. வெப்பம் தாங்கும் தடுப்புமருந்தின் தேவையை மலைவாழ் மக்களின் நிலைகொண்டு விளக்குக.

நெடுவினா
6. 'மாதிரி எடுக்கப்பட்ட நுண்மிக்கு மட்டுமே மரத்தில் இடம் கிடைக்கும்' – இக்கூற்றின் பொருளைப் பாடப்பகுதியின் துணைகொண்டு விளக்கி, உங்கள் ஊர் செய்யத்தக்கவற்றைத் தொகுத்து எழுதுக.